சூரியப் புயல் எச்சரிக்கையை நாமே படித்துத் தயாராவது எப்படி?

சூரியனில் பெரிய வெடிப்பு என்று செய்தி வந்தால் போதும், "இன்றிரவு செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். செல்போனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே நாளில் டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவி வைத்து நிலம் அளப்பவருக்கும், ட்ரோனில் மருந்து தெளிப்பவருக்கும், ஹாம் ரேடியோக்காரருக்கும் உண்மையிலேயே வேலை கெடலாம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைச் செலவில்லாமல் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

நான் நில அளவை வேலையில் இருக்கிறேன். தென் மாவட்டங்களில் பொழுது சாய்ந்த பிறகு சில நாள் ரோவர் (கையில் எடுத்துப் போய் அளக்கும் கருவி) ஃபிக்ஸ் ஆகாமல், அதாவது துல்லியமான இடம் கிடைக்காமல், ஃப்ளோட் என்ற தோராயக் கணக்கிலேயே நிற்கும். கேபிள், ஆன்டெனா, சிம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் வானத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் எனக்குப் பயன்பட்டதை இங்கே எழுதுகிறேன். கரும்புள்ளி என்றால் என்ன, காந்தப்புலம் என்றால் என்ன என்பதற்குள் எல்லாம் போகவில்லை.

படி 1: மூன்று எழுத்துகள்

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவுக்கு எஸ்டபிள்யூபிசி என்று ஒரு விண்வெளி வானிலை மையம் இருக்கிறது. அதன் தளத்தைத் திறந்தால் மேலேயே ஆர், எஸ், ஜி என்று மூன்று கட்டங்கள் தெரியும். மூன்றும் 1 முதல் 5 வரை போகும்.

ஆர் என்பது ரேடியோ. சூரியனில் ஃப்ளேர் எனப்படும் திடீர் ஒளிவெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ்ரே 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். அந்த நேரம் பகலாக இருக்கும் பாதியில் சிற்றலை ரேடியோ தடுமாறும். முன்கூட்டி எச்சரிக்க வழியே இல்லை, ஏனென்றால் வெடிப்பு நம் கண்ணுக்குத் தெரியும்போதே பாதிப்பும் தொடங்கிவிடுகிறது. எஸ் என்பது புரோட்டான் மழை. செயற்கைக்கோள் இயக்குபவர்களும் துருவப் பாதை விமானங்களும்தான் அதைக் கவனிக்க வேண்டும். ஜி என்பது காந்தப் புயல். சூரியன் உமிழும், சிஎம்இ எனப்படும் பிளாஸ்மா மேகம் வந்து பூமியின் காந்தப்புலத்தை மோதுவது இது. வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், மிக வேகமானது ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். நமக்குத் தயாராக நேரம் கிடைப்பது இந்த ஜி-யில் மட்டும்தான்.

படி 2: நேரத்தை மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

தளத்தில் "த்ரீ டே ஃபோர்காஸ்ட்" என்ற பக்கத்தைத் திறங்கள். வெறும் எழுத்துப் பக்கம்தான், படமெல்லாம் இருக்காது. நம் நேரப்படி காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் புதிதாக வரும். அதில் ஒரு அட்டவணை இருக்கும். மேலே மூன்று தேதிகள், இடது ஓரத்தில் 00-03, 03-06 என்று எட்டு வரிசைகள். கட்டத்துக்குள் இருப்பது கேபி எண், அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதன் அளவு, 0 முதல் 9 வரை. 5 வந்தால் ஜி1, 9 வந்தால் ஜி5.

அந்த நேரமெல்லாம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 00-03 என்பது நமக்குக் காலை 5.30 முதல் 8.30 வரை. 12-15 என்பது மாலை 5.30 முதல் இரவு 8.30 வரை. இதுவரை எல்லாரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். சிக்கல் கடைசி இரண்டு வரிசைகளில். 18-21 என்பது நமக்கு இரவு 11.30-க்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி 2.30 வரை போகும். 21-00 என்பது முழுக்க அடுத்த நாள் விடியற்காலை. அதாவது அட்டவணையில் 10-ஆம் தேதிக்குக் கீழே இருக்கும் கடைசி வரிசை, நம் காலண்டரில் 11-ஆம் தேதி.

2024 மே மாதப் புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். மே 9-ஆம் தேதி ஜி4 வாட்ச் (வரலாம் என்ற முன்னறிவிப்பு) கொடுத்தார்கள். 2005-க்குப் பிறகு அப்படிக் கொடுத்தது அதுதான் முதல்முறை. யுடிசி கணக்கில் மே 10 மாலை 5 மணியைத் தாண்டியதும் முதல் மோதல். நமக்கு அப்போது இரவு பத்தரை. புயல் ஜி5-ஐத் தொட்டது, 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக. அது உச்சத்தில் இருந்தபோது இந்தியாவில் மே 11 காலை, எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். லடாக்கின் ஹான்லே வான் ஆய்வகக் கேமராவில் அந்த இரவு வடக்கு வானம் சிவப்பாகப் பதிவானது. தேதியை மட்டும் பார்த்து "10-ஆம் தேதிதானே, முடிந்துவிட்டது" என்று நினைத்தவர்களுக்கு உச்சம் மறுநாள் காலையில்தான் வந்தது.

என் போனில் யுடிசி கடிகாரத்தை இரண்டாவது கடிகாரமாக வைத்திருக்கிறேன். மனக்கணக்கை நம்புவதில்லை.

படி 3: கேபி-யை விட்டு பி-இசட்டைப் பாருங்கள்

முன்னறிவிப்பில் ஜி3 என்று இருக்கும், ஒன்றும் நடக்காது. இன்னொரு நாள் ஜி1 என்பார்கள், புயல் பெரிதாகிவிடும். மேகம் கிளம்பியதையும் அதன் வேகத்தையும் இங்கிருந்தே கணிக்க முடிகிறது. அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கிட்டே வரும்வரை தெரியாது. புயல் எவ்வளவு பெரிதாகும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தத் திசைக்குப் பெரும் பங்கு உண்டு.

"ரியல் டைம் சோலார் விண்ட்" என்ற வரைபடத்தைத் திறங்கள். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற இடத்தில் நிற்கும் விண்கலங்கள் அளந்து அனுப்புவது இது. நம் ஆதித்யா-எல்1 கூட 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் சுற்றுகிறது. வரைபடத்தில் மேலே இருக்கும் சிவப்புக் கோடுதான் பி-இசட், அந்தக் காந்தப்புலம் வடக்கா தெற்கா என்று காட்டுவது. பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வடக்கு, கீழே இருந்தால் தெற்கு. வடக்காக இருக்கும்வரை பூமியின் காந்தப்புலம் தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி நிற்கும். தெற்காகத் திரும்பினால் இரண்டு புலங்களும் ஒன்றோடொன்று பிணைந்து, சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே இறங்க ஆரம்பிக்கும்.

கோடு ஒரு நிமிடம் கீழே போய் வந்தால் கவலையில்லை. மைனஸ் 10 நானோ டெஸ்லாவுக்குக் கீழே போய் இரண்டு மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தால் புயல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்தில் இது மைனஸ் 50 வரை போனது. கூடவே வேகத்தையும் பாருங்கள். சாதாரண நாளில் நொடிக்கு 300-400 கிலோமீட்டர் இருக்கும், 700-ஐத் தாண்டினால் வந்திருப்பது கனமான சரக்கு. எல்1-இல் தெரிந்ததிலிருந்து நம்மை வந்து சேர 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும்.

இன்னொன்று, கேபி எண் நடு அட்சரேகையிலும் அதற்கு மேலேயும் இருக்கும் 13 ஆய்வகங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, காந்தப்புலம் எவ்வளவு குறைந்தது என்று நானோ டெஸ்லாவில் காட்டும், ஜப்பானின் கியோத்தோ மையம் வெளியிடும் டிஎஸ்டி எண்தான் பொருத்தம். மைனஸ் 100-க்குக் கீழே போனால் பலமான புயல். 2024 மே மாதத்தில் மைனஸ் 400-ஐத் தாண்டியது.

செயலி எது நல்லது என்று கேட்கிறார்கள். பெரும்பாலான செயலிகள் துருவ ஒளி பார்க்க ஆசைப்படும் வட நாட்டவர்களுக்காகச் செய்தவை, கேபி 4 ஆனாலே மணி அடிக்கும். எஸ்டபிள்யூபிசி-யின் இலவச மின்னஞ்சலே போதும் என்பது என் கருத்து. அதிலும் எல்லாவற்றையும் டிக் செய்யாதீர்கள். ஜி3-க்கு மேல் வாட்ச், கேபி 6 வார்னிங், எம்5 ஃப்ளேர் அலர்ட் இந்த மூன்று போதும் (ஃப்ளேரின் பலத்தை எம் என்றும், அதைவிடப் பெரிதானால் எக்ஸ் என்றும் குறிப்பார்கள்). வாட்ச் என்றால் ஓரிரு நாளில் வரலாம், வார்னிங் என்றால் சீக்கிரமே வரும், அலர்ட் என்றால் நடந்துகொண்டிருக்கிறது. மேகம் வந்துசேரும் நேரம் பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம்.

படி 4: நம் ஊருக்கு எது ஆபத்து?

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். நீளமான மின்பாதை, மின்சாரத்தை எளிதில் கடத்தாத பாறை, துருவத்துக்கு அருகாமை மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. தமிழ்நாட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. குறைவு என்கிறேன், அறவே இல்லை என்று சொல்லவில்லை.

நம் பிரச்சினை வேறு. காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டுக்கு மேலே, வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேல் பகுதியான அயனிமண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பி மேலே ஏறும். அவற்றின் ஊடாக வரும் ஜிபிஎஸ் சிக்னல் நட்சத்திரம் மாதிரியே மினுக்கும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், இரவு 7 மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். இதற்குப் புயலே தேவையில்லை. சொல்லப்போனால், சில புயல்கள் அன்றைய குமிழ்களை எழவிடாமலே அடக்கிவிடும், சில புயல்கள் கிளப்பிவிடும். ஜி கட்டம் பச்சையாக இருக்கிறது என்று மாலையில் நிம்மதியாக இருக்க முடியாது.

நேரில் பார்க்க வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியைப் போட்டு, மொட்டை மாடியில் ஒரு ஸ்டூலில் போனை வைத்துவிட்டுத் தொடாமல் உட்காருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் நேராக ஒரு சிக்னல் எண் இருக்கும். சாதாரண இரவில் அது ஒன்றிரண்டு கூடிக் குறையும். குமிழ் கடக்கும்போது, 42-இல் இருந்த ஒன்று சில நொடிகளில் 30-க்கு இறங்கித் திரும்ப ஏறும், மறுபடி இறங்கும். வானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஆடும், எதிர்ப்பக்கம் இருப்பவை அசையாமல் நிற்கும். கட்டடம் மறைத்தால் இப்படி ஆடாது.

படி 5: தயாராக இருப்பது

அளவை வேலை செய்பவர்கள்: அந்த மாதங்களில் மாலை ஆறரைக்கு ரோவரை மூட்டை கட்டுங்கள். கட்டாயம் என்றால் பேஸிலும் ரோவரிலும் ரா டேட்டாவைப் பதிவு செய்துவிட்டு, பிறகு வீட்டில் ப்ராசஸ் செய்யுங்கள். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு கல்லில் வைத்துச் சரிபாருங்கள். இரட்டை அலைவரிசைக் கருவி இருந்தால் பிரச்சினை இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது அயனிமண்டலத் தாமதத்தைச் சரிசெய்யும், மினுக்கலைச் சரிசெய்யாது. 2024 மே புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் நடவுப் பருவத்தின் நடுவே நின்றன. அவையும் நல்ல கருவிகள்தான்.

ஹாம் நண்பர்கள்: 2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ்9.3 ஃப்ளேர் வெடித்தபோது கரீபியனில் இர்மா சூறாவளி அடித்துக்கொண்டிருந்தது. அவசரத் தகவல் போய்க்கொண்டிருந்த சிற்றலைத் தொடர்பு அந்த நேரத்தில் தடைப்பட்டது. சூறாவளிக் காலத்துக்கு விஎச்எஃப் (சிற்றலையைவிட அதிக அதிர்வெண் ரேடியோ) மாற்று வழி ஒன்று கையில் இருக்கட்டும். நேர்கோட்டில் போகும் அலை என்பதால் ஃப்ளேர் அதைத் தொடுவதில்லை.

வீட்டுக்கு: புயல் மழைக்கு என்ன எடுத்து வைப்பீர்களோ அதேதான். நிரம்பிய தொட்டி, சார்ஜ் ஏறிய பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் ரேடியோ, இரண்டு மூன்று நாளைக்கு ரொக்கம். யுபிஐ-யை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அலுமினியத் தாளில் போனைச் சுற்றுவது, ஃப்ரிட்ஜைக் கழற்றுவது எல்லாம் வேண்டாம். காந்தப் புயலின் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியில்தான் கூடிச் சேரும், வீட்டு வயரில் சேராது.

பிற்சேர்க்கை 1: சின்னப் புயல்களைக் கண்டுகொள்ளாமல் விடலாமா என்று ஒருவர் கேட்டார். தரையில் இருக்கும் நாம் பெரும்பாலும் விடலாம். ஆனால் 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40-ஐ வீழ்த்தியது சிறிய புயல்தான். மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்து, தாழ்ந்த பாதையில் இருந்தவற்றை இழுத்துக்கொண்டது.

பிற்சேர்க்கை 2: யாழ்ப்பாணத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்டிருந்தார்கள். இலங்கைக்கு மேலே சொன்ன நேரமும் மாதமும் அப்படியே பொருந்தும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் யுடிசி-யுடன் எட்டு மணி நேரம் கூட்டுங்கள், 00-03 வரிசை உங்களுக்குக் காலை 8 முதல் 11. அங்கே சூரியன் 7 மணியை ஒட்டித்தான் மறைகிறது என்பதால் சிக்னல் ஆட்டத்தை 8 மணியிலிருந்து எதிர்பாருங்கள்.