"ஹேவ்" சரியா யூஸ் பண்றது எப்படி: எங்க "ஹேவிங்" வரும், எங்க வரவே வராது

இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்கிற நம்மாளுங்க பேச்சுல அதிகமா காதுல விழுற தப்பு எதுன்னு கேட்டா நான் ஹேவ்-ஐத்தான் சொல்வேன். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "மை ஹவுஸ் இஸ் ஹேவிங் த்ரீ ரூம்ஸ்", "சார் ஐ ஆம் ஹேவிங் எ டவுட்". மூணுமே தப்பு. நமக்குள்ள பேசிக்கிறப்ப எல்லாருக்கும் புரிஞ்சிடும், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா இன்டர்வியூலயோ, வெளிநாட்டுல படிக்க, வேலைக்குப் போக எழுதுற ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட்லயோ இது நேரா மார்க்லதான் கை வைக்கும், ஏன்னா ஐஇஎல்டிஎஸ்ல ஸ்பீக்கிங், ரைட்டிங் ரெண்டுலயும் கால்வாசி மார்க் கிராமருக்குத்தான் போகுது.

இது ஏன் வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. தமிழ்ல ஹேவ்-உக்கு நேரா ஒரு வினைச்சொல் கிடையாது. "எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க"ன்னு சொல்றோம், அதுல எழுவாய் அண்ணன், நான் இல்ல, நான் "எனக்கு"ன்னு நாலாம் வேற்றுமையில ஓரமா நிக்கிறேன். இங்கிலீஷ்ல "ஐ" முன்னாடி வந்துடும், அண்ணன் பின்னாடி போயிடுவார். இந்தி, ரஷ்யன், ஜப்பானீஸ் பேசுறவங்களும் கிட்டத்தட்ட நம்மள மாதிரி "என்கிட்ட இருக்கு"ன்னுதான் சொல்றாங்க, அதனால இது நம்ம மூளைல ஏதோ குறைன்னு யாரும் நினைக்க வேண்டாம். நம்ம வாக்கியத்துல "இருக்கு" இருக்கிறதால, "பண்ணிக்கிட்டு இருக்கேன்னா ஆம் டூயிங்"னு ஸ்கூல்ல படிச்சது உள்ள இருந்து எட்டிப்பார்த்து "ஆம் ஹேவிங்"னு வந்து விழுதுன்னுதான் எனக்குத் தோணுது.

சரி, எப்படி சரி பண்றது? இதுக்கு தமிழ்லயே ஒரு டெஸ்ட் இருக்கு. நீங்க சொல்ல வர்றத தமிழ்ல "-கிட்டு இருக்கேன்" போட்டு சொல்லிப் பாருங்க. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்", நல்லா வருது இல்ல? அப்ப "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" கரெக்ட். "காபி குடிச்சிக்கிட்டு இருக்கோம்", "வீ ஆர் ஹேவிங் காபி", கரெக்ட். இப்ப "எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துக்கிட்டு இருக்காங்க"ன்னு சொல்லுங்க. யாரும் அப்படி பேச மாட்டாங்க. அப்ப இங்கிலீஷ்லயும் ஹேவிங் வராது, "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்", அவ்ளோதான். வீட்ல மூணு ரூம் இருந்துக்கிட்டு இருக்குமா? இருக்காது, அதனால "மை ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்".

இதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம், ஹேவ் ரெண்டு விதமா வேலை செய்யுது. ஒண்ணு நிலை: சொந்தம், உறவு, வியாதி, குணம், ஐடியா, டைம், பணம், இதெல்லாம் இருக்கு இல்லன்னு சொல்றது, இங்க ஹேவிங் கூடாது. இன்னொண்ணு செயல்: சாப்பிடறது, குடிக்கிறது, குளிக்கிறது, பார்ட்டி வைக்கிறது, மீட்டிங் நடத்துறது, ஜாலியா இருக்கிறது, இங்கெல்லாம் ஹேவிங் தாராளமா வரும். "தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்" சரி, "ஷீ இஸ் ஹேவிங் எ பாத்" சரி, "ஷீ இஸ் ஹேவிங் எ பேபி" கூட சரிதான், அதுக்கு அர்த்தம் கர்ப்பமா இருக்காங்க இல்லன்னா பிரசவம் நடந்துக்கிட்டு இருக்கு. ஏற்கனவே பொறந்து வளர்ற குழந்தைய பத்தி சொல்றீங்கன்னா "ஷீ ஹேஸ் எ பேபி". இங்க ஹேவிங் மாத்தி போட்டா தப்பு மட்டும் இல்ல, சேதியே மாறிடும்.

நடுவுல நிக்கிற ஒரு கேஸும் இருக்கு, அது "ப்ராப்ளம்"ங்கிற வார்த்தை. "ஐ ஹேவ் எ ப்ராப்ளம்" சரி, "ஐ ஆம் ஹேவிங் எ ப்ராப்ளம் வித் மை லேப்டாப்" அதுவும் சரி, ரெண்டாவது சொன்னா இப்ப இந்த நேரத்துல அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். ஆனா க்ளாஸ்ல கேக்கிற "எ டவுட்"டுக்கு இந்த சலுகை கிடையாது. இன்னொண்ணு, க்ளாஸ்ல பாடத்துல சந்தேகம் கேக்கிறதுக்கு "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு சொல்றதுதான் நல்லது, ஏன்னா வெளிநாட்டுக்காரங்க காதுல டவுட்னா நீங்க சொல்றத நான் நம்பலங்கிற தொனி வரும்.

ஹேவ், ஹேஸ், ஹேட் எது எங்கன்னு வேகமா பாத்துடலாம். ஐ, யூ, வீ, தே வந்தா ஹேவ், ஹீ, ஷீ, இட் வந்தா ஹேஸ், இறந்த காலம்னா எல்லாருக்கும் ஹேட். எவ்ரிஒன் ஒருமைதான், "எவ்ரிஒன் ஹேஸ் எ போன்". இல்லன்னு சொல்லும்போதும் கேள்வி கேக்கும்போதும் டூ, டஸ், டிட் வந்து எல்லா மாத்தத்தையும் தன் தலைல ஏத்திக்கும், அதனால ஹேவ் அப்படியே ஹேவாதான் நிக்கணும். "ஹீ டஸின்ட் ஹேவ்", "டிட் யூ ஹேவ்". "டஸின்ட் ஹேஸ்", "டிட் யூ ஹேட்" எல்லாம் டபுள் வேலை. ஷுட், குட், வுட், மஸ்ட் பின்னாடியும் இதே கதை, "ஹீ ஷுட் ஹேவ்", ஹேஸ் இல்ல. பேனா இருக்கான்னு கேக்க "பென் இஸ் தேர்?"னு சொல்லாதீங்க, "டூ யூ ஹேவ் எ பென்?". பிரிட்டிஷ்காரங்க "ஹேவ் யூ காட் எ பென்?"னு கேப்பாங்க, அதுவும் சரி.

எனக்குன்னு வந்தா உடனே ஹேவ் போடணும்னும் இல்ல. எனக்கு பசிக்குது "ஐ ஆம் ஹங்ரி", எனக்கு 20 வயசு "ஐ ஆம் ட்வென்டி", எனக்கு தெரியும் "ஐ நோ". ஆனா எனக்கு காய்ச்சல் "ஐ ஹேவ் எ ஃபீவர்", எனக்கு தலைவலி "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்". இதுக்கு ஒரு ரூல் தேடி அலையாதீங்க, அப்படியே வாய்ல பழக்கிக்கோங்க.

இப்ப வர்ற பகுதிய நிதானமா படிங்க. ஹேவ் தனி வினையா மட்டும் இல்லாம இன்னொரு வினைக்கு துணையாவும் வரும், "ஐ ஹேவ் சீன்", "ஷீ ஹேஸ் கான்" மாதிரி. இது தமிழுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு, நம்ம "பாத்திருக்கேன்"தான் "ஐ ஹேவ் சீன்". அந்த படம் பாத்திருக்கியா, "ஹேவ் யூ சீன் தட் மூவி?". இவ்ளோ அழகா பொருந்துறதாலயே ஒரு இடத்துல மாட்டிக்கிறோம். தமிழ்ல "அவன் நேத்தே வந்திருக்கான்"னு தாராளமா சொல்லலாம். இங்கிலீஷ்ல "ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே" சொல்லவே கூடாது. முடிஞ்சு போன நேரத்தோட பேர் வாக்கியத்துல வந்துட்டா, அதாவது நேத்து, போன வாரம், 2019ல, ரெண்டு நாள் முன்னாடி இப்படி எது வந்தாலும் சரி, ஹேவ எடுத்துட்டு சாதா இறந்த காலம் போடுங்க, "ஹீ கேம் எஸ்டர்டே". ஆபீஸ் மெயில்ல "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே"ன்னு தினமும் எத்தனையோ பேர் அனுப்புறாங்க, அது "ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே"ன்னு இருக்கணும். எப்பன்னு சொல்லலன்னா "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்" சரி.

மூணு நாளா காய்ச்சல்னு டாக்டர்கிட்ட எப்படி சொல்றது? "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்"னுதான் பெரும்பாலும் கேக்கிறோம், அதுல ரெண்டு தப்பு. ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு வர்றதுனால "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்". முதல் ஹேவ் துணை, ரெண்டாவது ஹேட் நிஜமான வினை, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா பயப்படாதீங்க. எவ்வளவு நாள்னு அளவு சொன்னா ஃபார், எந்த நாள்ல இருந்துன்னு சொன்னா சின்ஸ், "சின்ஸ் மண்டே".

"சொல்லியிருக்கலாம்", "போயிருக்கணும்" இதுக்கும் ஹேவ்தான். "யூ குட் ஹேவ் டோல்ட் மீ", "ஐ ஷுட் ஹேவ் கான்". வேகமா பேசும்போது "ஷுடவ்"னு கேக்கும், அத "ஷுட் ஆஃப்" (should of)னு நினைச்சு எழுதுறவங்க இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்கள்லயே நிறைய பேர் இருக்காங்க, நீங்க எழுதும்போது ஹேவ்-னே எழுதுங்க.

ஹேவ் டு-ன்னா பண்ணியே ஆகணும், சொல்லும்போது "ஹேஃப் டு"ன்னு வரும். "ஐ ஹேவ் டு கோ", போகணும். இதோட எதிர்மறைதான் ஆள கவுத்துடும், "யூ டோன்ட் ஹேவ் டு கம்"னா நீ வரணும்னு அவசியம் இல்ல, வந்தா வா. "யூ மஸ்ட் நாட் கம்"னா வரவே கூடாது. வீட்டு விசேஷத்துக்கு கூப்பிட்ட ஆள்கிட்ட ரெண்டாவத சொல்லிட்டா மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

கடைசியா ஒண்ணு, நம்மள்ல நிறைய பேருக்கு யாரும் சொல்லிக்குடுக்காதது. முடி வெட்டிக்கிட்டேன்னு சொல்ல "ஐ கட் மை ஹேர்"னு சொன்னா நீங்களே கத்தரிக்கோல் எடுத்து கண்ணாடி முன்னாடி நின்னு வெட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம் ஆகும். சலூன்ல வெட்டினதுக்கு "ஐ ஹேட் மை ஹேர் கட்". அதாவது ஹேவ், அப்புறம் பொருள், அப்புறம் வினையோட மூணாவது ஃபார்ம். பைக் சர்வீஸ் விட்டேன், "ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்". வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் விட்டிருக்கோம், வேலை நடக்குது, "வீ ஆர் ஹேவிங் அவர் ஹவுஸ் பெயின்டட்". இங்க ஹேவிங் வந்துச்சு பாருங்க, அடிச்சிக்கிட்டு இருக்காங்கன்னு தமிழ்ல சொல்ல முடியுது, அதனால வருது.

பழகுறதுக்கு, நீங்க இதுவரைக்கும் அனுப்பின மெயில், வாட்ஸ்ஆப் மெசேஜ்ல "ஹேவிங்"னு சர்ச் பண்ணி ஒவ்வொண்ணா எடுத்து "-கிட்டு இருக்கேன்" போட்டு பாருங்க, அப்புறம் "எஸ்டர்டே"ன்னு சர்ச் பண்ணி அந்த வாக்கியத்துல ஹேவ் இல்ல ஹேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, மாத்தினத வாய்விட்டு ரெண்டு தடவ சொல்லுங்க. புத்தகத்துல இருக்கிற எக்சர்சைஸ விட உங்க சொந்த வாக்கியம் சீக்கிரம் மனசுல நிக்கும்.