பழைய மோட்டார் உல்லாசப் படகின் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

நூறாண்டுக்கு முந்தைய மரப் படகின் வடிவத்தைக் காகிதத்திலிருந்தே மீட்டுவிடலாம். அதற்கு வழிகாட்டுபவை கோடுகளைவிட எண்களே. புதியவர்கள் அழகான கோடுகளில் மயங்கி எண்களை விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

படி 1: படகை அடையாளம் காணுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. உரிமையாளர் மாறினால் பெயரும் மாறும். பின்னாளில் அமெரிக்க அதிபர்களின் படகான 'செகோயா', 1925இல் 'செகோயா 2' என்ற பெயரில்தான் கட்டப்பட்டது. 1903 முதல் வெளிவந்த லாய்ட்ஸ் அமெரிக்க உல்லாசப் படகுப் பதிவேட்டில் வடிவமைப்பாளர், கட்டிய பட்டறை, ஆண்டு, நீள அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் கப்பல் வரைபடங்களுக்கெனத் தனிச் சேகரிப்பே உண்டு. 1878இல் தொடங்கிய ஹெரஷாஃப் படகு கட்டும் நிறுவனத்தின் வரைபடங்கள் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அருங்காட்சியகத்தின் ஹார்ட் சேகரிப்பில் உள்ளன. அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் நதானியல் ஹெரஷாஃப், படகின் பாதி உடலை மரத்தில் செதுக்கி, அந்த மாதிரியிலிருந்தே அளவெடுத்தவர். அவருடைய படகுகளுக்கு வளைகோட்டுப் படம் (உடலின் வளைவுகளைக் கோடுகளால் காட்டும் வரைபடம்) கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். மாதிரியையும் அளவுக் குறிப்பையும் கேளுங்கள்.

படி 3: மூன்று தோற்றங்களையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலத் தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் ஆகிய மூன்றிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பழகுங்கள். குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு பாதி அணியப் (முன்முனை) பக்கத்தையும், மறுபாதி அமரப் (பின்முனை) பக்கத்தையும் காட்டும்.

படி 4: அளவுப் பட்டியலை, அதாவது உடலின் புள்ளிகள் எங்கே அமைகின்றன என்பதை எண்களில் தரும் அட்டவணையைப் படியுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். 4-3-5 என்றிருந்தால் 4 அடி, 3 அங்குலம், அங்குலத்தில் எட்டில் 5 பங்கு என்று பொருள். சுமார் 1311 மில்லிமீட்டர். அது மையக்கோட்டிலிருந்து எடுத்த பாதி அகலம் என்றால், முழு அகலத்துக்கு இரட்டிப்பாக்குங்கள்.

நீலப்படத்தின் (நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக எடுத்த வரைபட நகல், blueprint) மேல் அளவுகோலை வைத்து அளக்கவே வேண்டாம். அதைத் தயாரிக்கும்போது தண்ணீரில் அலசுவார்கள். காகிதம் நீண்டு சுருங்கி, நீளத்திலும் அகலத்திலும் வேறுவேறாக மாறிவிடும். எழுதிய எண் மாறாது.

படி 5: புள்ளிகளைத் தாளில் குறித்து, வளையும் மெல்லிய மரச்சட்டத்தை அவற்றின் மேல் படியவையுங்கள். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், மூலப் பட்டியலுக்குத் திரும்புங்கள்: மங்கிய கையெழுத்தில் 3, 8 போலத் தெரிந்திருக்கலாம்.