அன்றாட ஆபத்தைக் கணிப்பதில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 நவம்பர் 23 காலை, திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு ஒன்று கவிழ்ந்தது. அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் களப்பைக் கடக்க அந்தப் படகையே நம்பியிருந்தார்கள். இறந்தவர்களில் பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்களும் இருந்தார்கள். இத்தகைய இழப்புக்குப் பின் நம்மிடையே எழும் பேச்சு வழக்கமாக இரண்டு திசைகளில் பிரிந்துவிடுகிறது. "தெரிந்துகொண்டே ஏன் ஏறினார்கள்?" என்று ஒரு பக்கம் கேட்கிறது, "எழுதியிருந்தது நடந்தது" என்று மறுபக்கம் பெருமூச்சு விடுகிறது. இரண்டுமே ஆபத்து எப்படி உருவாகிறது என்பதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன.

பாதிக்கப்பட்டவருடைய தெரிவை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவதே முதல் தவறு. காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்க்கு முன்னால் எத்தனை வழிகள் இருந்தன என்பதைப் பார்த்த பின்னரே அவர் எந்த வழியைத் தேர்ந்தார் என்று கேட்பது நியாயமாகும். சொந்த வாகனம் உள்ளவருக்குச் சுற்றுவழி என்பது கொஞ்சம் எரிபொருள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அதே சுற்றுவழி ஒரு நேர வருமானம். என்ஜினும் வலையும் கடனில் வாங்கிய மீனவர் கடல் கொந்தளிக்கும் நாளிலும் வள்ளத்தை இறக்குவதற்குத் துணிச்சலைவிடத் தவணை பெரிய காரணமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டில் பீப்பாய்களில் நீர் சேமிப்பதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவதும் மூடியில்லாத அந்தப் பீப்பாயில்தான்.

இதைச் சொல்லும்போதே, எல்லாவற்றையும் சூழ்நிலையின் மேல் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவதும் அதே அளவு பிழையானது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தை நாம் தீர்மானிப்பதில்லை. பீப்பாயை இறுக மூடுவதும், வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி ஒட்டியிருக்கும் முட்டைகளை அகற்றுவதும் நம் கையில் இருக்கின்றன. படகு எப்படிப்பட்டது என்பதைப் பயணி தீர்மானிப்பதில்லை. அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருப்பதைக் கண்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதைச் சில நாட்களிலாவது அவர் தீர்மானிக்கலாம். எது சூழ்நிலை, எது தெரிவு, யாருடைய தெரிவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், பிரதேச செயலகத்திடம் கேட்க வேண்டியதை அங்கே கேட்கவும், வீட்டில் திருத்த வேண்டியதை வீட்டிலேயே திருத்தவும் முடியும்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் தவறுக்கு வருகிறேன். "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற வாக்கியத்தை நாம் பாதுகாப்பின் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். தலைக்கவசத்தின் பட்டியை மாட்டாமல் பல வருடம் ஓட்டியவருக்கு, விபத்தில் தலை தரையில் மோதுமுன்பே அந்தக் கவசம் கழன்று பறந்துவிடும் என்பதை அந்த வருடங்களில் எந்த ஒரு நாளும் கற்றுக்கொடுத்திருக்காது. கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு பழங்காலத்திலிருந்து நின்றது. பழங்கதைகளில் வரும் மன்னன் குளக்கோட்டன் பெயரோடு சேர்த்து நம் மக்கள் அதைப் பேசிவந்தார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அது உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அணைக்கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் உடைப்புக்கான காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. நெடுங்காலம் நின்றது என்ற உண்மை, இப்போது புதிதாக ஏற்றப்படும் பாரத்தை அது தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகவில்லை.

எச்சரிக்கைகளிலும் இதே தவறு வேறொரு வடிவில் வருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 2004 டிசம்பர் 26 சுனாமியின் நினைவோடு நம் கரையோர மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடினார்கள், பேரலை வரவில்லை. அந்த நிலநடுக்கத்தில் கடற்படுகை பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெருமளவு நீர் மேலே தள்ளப்படவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோதும் அஞ்சிய அளவுக்குச் சேதம் ஏற்படவில்லை. இவற்றைக் காட்டி "சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் நிலநடுக்கம் நடந்த முதல் நிமிடங்களில், படுகை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை உறுதிசெய்ய எவராலும் முடியாது. அதுவரை காத்திருந்தால் ஓடுவதற்கு நேரம் இருக்காது. வீணாக ஓடிய நாளின் செலவு ஒரு மாலைப் பொழுது. ஓடாமல் இருந்த நாளின் செலவை 2004 இல் நிலாவெளி முதல் மூதூர் வரை பல குடும்பங்கள் கொடுத்துவிட்டன.

கடலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு அப்படியே கொண்டுபோவது நம் கரையில் உயிரைப் பறிக்கும் தவறாகும். தெற்கு, மேற்குக் கரைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலையில் அமைதிக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. ஆண்டிறுதி விடுமுறையில் கொழும்பிலிருந்தோ காலியிலிருந்தோ வருபவர், தமது கடலின் நாட்காட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு திருகோணமலையின் உப்புவெளிக் கடலில் இறங்கும்போது, வாடைக்காற்று முழு வேகத்தில் அலைகளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்படிக் கரைக்கு வந்து குவியும் நீர் ஏதாவது ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் அலை உடைவது குறைவு என்பதால், பார்ப்பவருக்கு அதுவே நுரையில்லாத, குளிப்பதற்கு ஏற்ற அமைதியான இடமாகத் தோன்றும். உண்மையில் கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் இருக்கிறது. அதில் அகப்பட்டவர் கரையை நேரே நோக்கி நீந்திக் களைத்துப்போய் மூழ்குகிறார். அந்த ஓட்டம் மனிதரைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. ஆகவே பதறாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தினால் அலை உடையும் பகுதிக்கு வந்து, அலைகளின் உதவியோடே கரையேறலாம். உள்ளூர் இளைஞர்களும் இதில் விலக்கில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மது அருந்திவிட்டு இறங்குவதும், நீந்தத் தெரியாத நண்பர்களை இடுப்பளவு ஆழம்தானே என்று அழைத்துச் செல்வதும் ஒரே மாலையில் சேர்ந்து நிகழ்கின்றன.

உடல்நலத்தில் நாம் செய்யும் தவறுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது தவறாகவே தோன்றுவதில்லை. 2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000 க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டில் கிண்ணியா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காய்ச்சல் விட்டால் சுகம் என்பது நம் பாட்டிமார் காலத்து அறிவு. பெரும்பாலான காய்ச்சல்களுக்கு அது சரியும்கூட. டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்கு இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும், இரத்த அழுத்தம் விழும். பிள்ளையின் நெற்றி குளிர்ந்துவிட்டது என்று தாய் நிம்மதியடையும் அதே மணித்தியாலங்களில் பிள்ளையின் கைகால்கள் குளிர்ந்து, வயிற்றுவலி கூடி, வாந்தி நிற்காமல், சிறுநீர் குறைந்துகொண்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் தவிர்ந்த வலிநிவாரணிகளை, குறிப்பாக இபுபுரூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் ஆகியவற்றை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக்கசிவின் ஆபத்தைக் கூட்டுகின்றன. உடல் உளைவு தாங்காமல் மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு என்று எண்ணுவது இன்னொரு தவறு. தம்பலகாமத்து வயலில் இரண்டு பேர் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இருவரின் காலிலும் ஒரே மாதிரியான சிறு வெட்டு. நீரிழிவு உள்ளவருக்கு அந்த வெட்டு வலிக்காமலே இருக்கலாம், ஆறவும் நாட்படும். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் இலங்கையில் பல மாவட்டங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. அது கடுமையாகத் தாக்குபவர்களில் பெரும்பகுதியினர் நீரிழிவு நோயாளர்கள். சாதாரண நிமோனியாவைப் போலத் தோன்றுவதால், வயலில் வேலை செய்பவர் என்பதை வைத்தியரிடம் சொல்லாமல் விட்டால் சரியான மருந்து தாமதமாகும். எலிக்காய்ச்சலுக்கும் இது பொருந்தும். விதைப்புக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றிக் கேட்கலாம். பக்கத்து வயல்காரர் காலணி போடாமல் எழுபது வயதுவரை வாழ்ந்தார் என்பது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உங்களுக்கு எந்த ஆறுதலையும் தரக் கூடாது.

வீதியில் நாம் ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனியே எடைபோட்டு, ஒவ்வொன்றும் சிறியதுதான் என்று தள்ளிவிடுகிறோம். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், பின்விளக்கு எரியவில்லை, தூறல், மங்கும் வெளிச்சம், நோன்பு திறக்கவோ கோயில் பூசைக்கோ நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரம். இவற்றில் எதுவும் தனியே ஆளைக் கொல்லும் என்று தோன்றாது. நகருக்குள் பிரட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியைக் கடக்கின்றன. வெளியே போனால் கட்டாக்காலி மாடுகள் சூடான தார்வீதியில் படுத்துக்கிடக்கின்றன. கந்தளாய், மொறவெவப் பக்கம் இருட்டியபின் யானையும் நிற்கும். மூவர் ஏறியதால் தடுப்புப் பிடித்து நிற்கும் தூரம் கூடுகிறது, ஈரம் அதை மேலும் கூட்டுகிறது, மங்கிய வெளிச்சம் மாட்டைக் காணும் நேரத்தைப் பின்தள்ளுகிறது. அவை ஒன்றையொன்று பெருக்குவதால்தான் வழக்கமான பயணம் திடீரென்று மரணப் பயணமாகிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டை எடுத்துவிட்டாலே அந்தப் பெருக்கல் பெரிதும் உடைந்துவிடும். அரை மணி முன்னால் புறப்படுவதற்குப் பணம் செலவில்லை.

கடைசியாகக் கிணறு. மழை வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைப்பது இங்கே வழக்கம். ஆழமான கிணற்றில் உறிஞ்சு தூரம் போதாமல் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் நீர்ப்பம்பியை உள்ளே இறக்கி ஓட விடுகிறார்கள். அது கக்கும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றின் அடியில் தேங்கி நின்று, இறங்கியவரை எச்சரிக்கையே இல்லாமல் மயக்கிவிடும். மேலே நிற்கும் தம்பியோ மகனோ அவர் விழுந்ததைக் கண்டதும் தானும் குதிக்கிறார். ஒருவர் பின் ஒருவராக ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் கிணற்றுக்குள் இறப்பது இப்படித்தான். அந்தக் கணத்தில் யோசி என்று யாரிடமும் சொல்ல முடியாது; ஆகவே தெரிவை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். என்ஜின் பம்பியை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. மின்சார நீர்மூழ்கிப் பம்பியை வாடகைக்கு எடுத்து இறைத்து, ஆள் இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அப்போதும் இறங்குபவரின் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, மறுமுனையை மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். அவர் பேச்சுக்குப் பதில் சொல்லாவிட்டால் கயிற்றால் இழுத்தெடுக்க வேண்டும். வேறு எவரும் இறங்கக் கூடாது. ஒருவர் இழுக்கத் தொடங்கும்போதே இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, கிணற்றுக்குள் வாயு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.