மின்னஞ்சல் மட்டும் போதும்: 1992 வழியில் ஒரு மென்பொருளைத் தருவிப்பது எப்படி

இன்று லினக்ஸில் ஒரு வரி தட்டினால் ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பி வந்து இறங்கிவிடுகிறது. 1992-ல் அதே ஈமேக்ஸ் வேண்டுமென்றால் என்ன செய்திருப்பார்கள்? இந்தப் பதிவில் அதைப் படிப்படியாகச் செய்து பார்க்கப் போகிறோம். பாதிக்கும் மேற்பட்ட வேலையை உங்கள் கணினியிலேயே இப்போதே செய்யலாம். அதற்கு ஒரு லினக்ஸ் கணினி, ஒரு டெர்மினல், கூடவே ஷார்யூட்டில்ஸ், என்கம்ப்ரஸ் என்ற இரண்டு பொதிகள் இருந்தால் போதும். இரண்டும் எல்லா முக்கிய லினக்ஸ் வழங்கல்களிலும் கிடைக்கின்றன.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

படி 1: எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கூகுள் இல்லை, கிட்ஹப் இல்லை. எந்தக் கணினியில் எந்தக் கோப்பு கிடக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். க்னூ (ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் திட்டம்) மென்பொருள்களுக்கு மூல இடம் எம்ஐடியில் இருந்த பிரெப் என்ற கணினி. முழு முகவரி பிரெப்.ஏஐ.எம்ஐடி.ஈடியூ. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் ஈமேக்ஸை வெளியிட்டபோது அதில்தான் வைத்தார். இணைய இணைப்பு இல்லாதவர்களுக்கு 150 டாலருக்கு டேப்பில் பதிந்தும் அனுப்பினார். மென்பொருள் கட்டற்றதுதான், ஆனால் பிரதி எடுத்து அனுப்புவதற்குக் கட்டணம் வாங்கலாம் என்பது அப்போதே அவருக்குத் தெளிவாக இருந்தது.

பிரெப் போல இன்னும் பல கிடங்குகள் இருந்தன. செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூயூஆர்கைவ், நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் சிம்டெல்-20, பின்லாந்தில் ஃபுனெட். லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் 0.01 1991 செப்டம்பரில் ஏற்றப்பட்டது அந்த ஃபுனெட்டில்தான். (ஏவுகணைத் தளத்துக் கணினி ஒன்று உலகத்துக்கே டாஸ் நிரல்களை வாரி வழங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.)

தேடுவதற்கு 1990-ல் ஒரு வழி பிறந்தது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் தொடங்கிய ஆர்ச்சி அது. பொதுக் கிடங்குகளின் கோப்புப் பட்டியல்களை அவ்வப்போது எடுத்து வந்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும். டெல்நெட் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் நிரல்) வழியாக மெக்கில் கணினிக்குப் போய், பயனர் பெயராக ஆர்ச்சி என்று கொடுத்து, "ப்ராக் ஈமேக்ஸ்" என்று தட்டினால், அந்தப் பெயரில் எங்கெங்கே கோப்பு இருக்கிறது என்று வரும். டெல்நெட் இல்லாதவர்கள் அதே வரியை மின்னஞ்சலாக அனுப்பலாம், பதிலும் மின்னஞ்சலில் வரும். ஆனால் இந்தக் கட்டளை தேடுவது கோப்பின் பெயரை மட்டும்தான். "படம் வரைய ஒரு நிரல்" என்று கேட்டால் அதற்குப் புரியாது.

விடையில் பத்து இடங்கள் வந்தால் எதை எடுப்பது? பட்டியலின் முதல் இடத்தை அல்ல, உங்களுக்கு அருகில் இருப்பதை. ஐரோப்பாவில் இருப்பவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கோ ஃபுனெட்டுக்கோ போக வேண்டும். கடல் தாண்டும் கம்பிகள் மெல்லியவை, எல்லாருக்கும் பொது.

படி 2: எஃப்டிபி இருப்பவர்களுக்கு

எஃப்டிபி என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பை மாற்றும் முறை. இணையத்தோடு நேரடியாக இணைந்த கணினியில் கணக்கு இருந்தால் இந்த வழி. எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷன், கான்பூர் ஐஐடியின் தொடக்கக் கால மாணவர்களில் ஒருவர். இன்றைய பிரவுசர்கள் எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. டெர்மினலில் ஓடும் எஃப்டிபி நிரல் இன்னும் கிடைக்கிறது. பொது எஃப்டிபி கிடங்கு ஏதாவது கண்ணில் பட்டால் முயன்று பாருங்கள்.

எஃப்டிபி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கிடங்கின் முகவரி. பெயர் கேட்கும்போது "அனானிமஸ்". கடவுச்சொல் கேட்கும்போது உங்கள் மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல்லை யாரும் சரிபார்ப்பதில்லை. யார் வந்து போகிறார்கள் என்று கிடங்குக்காரர்கள் தெரிந்துகொள்வதற்காக வந்த மரியாதை அது. 230 என்று தொடங்கும் வரி வந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். 530 வந்தால் உள்ளே விடவில்லை என்று பொருள், பெரும்பாலும் கூட்டம் அதிகம். அப்புறம் வாருங்கள்.

உள்ளே போனதும் "சிடி பப்", பிறகு "சிடி க்னூ". "எல்எஸ்" தட்டினால் பட்டியல் ஓடும். முதல் வேலையாக ரீட்மீ கோப்பைப் படியுங்கள். "கெட் ரீட்மீ" என்று தட்டிவிட்டு, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு (-) போட்டால் கோப்பு வட்டில் இறங்காமல் திரையிலேயே வரும். பல கிடங்குகளில் "எல்எஸ்-எல்ஆர்.இசட்" என்று ஒரு கோப்பு இருக்கும் (கடைசி ஆரும் இசட்டும் பெரிய எழுத்து). கிடங்கு முழுவதன் பட்டியலும் அதில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை இறக்கி வைத்துக்கொண்டு உங்கள் கணினியிலேயே நிதானமாகத் தேடலாம், இணைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இப்போது ஈமேக்ஸ்-18.57.டார்.இசட் வேண்டும் (டார் என்றால் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது, இசட் என்றால் அதைச் சுருக்கியது). கெட் தட்டுவதற்கு முன் கண்டிப்பாக "பைனரி" என்று தட்டுங்கள். அன்றைய எஃப்டிபி நிரல்கள் பலவற்றில் இயல்புநிலை ஆஸ்கி, அதாவது வெறும் எழுத்துக் கோப்புகளுக்கான நிலை. ஆஸ்கி நிலையில் எஃப்டிபி, வரி முடியும் இடங்களை இரண்டு கணினிகளுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டே போகும். எழுத்துக் கோப்புக்கு அது நல்லது. சுருக்கிய கோப்பில் தற்செயலாக அதே பைட் வந்தால் அதையும் மாற்றிவிடும், அவ்வளவு நேரம் காத்து இறக்கியது குப்பைக்குப் போகும். கோப்பு முழு நீளத்தில் வந்த மாதிரியே தெரியும், விரிக்கும்போதுதான் கதை தெரியவரும்.

சிம்டெல்-20-க்குப் போனால் பைனரியும் உதவாது. அது 36 பிட் சொற்களில் வேலை செய்யும் டெக்-20 இயந்திரம். அங்கே "டெனெக்ஸ்" என்று தட்ட வேண்டும்.

"ஹாஷ்" என்று தட்டி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பு வர வர ஒரு வேலிக்குறி (#) திரையில் விழும். பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆறுதல். 226 வந்தால் முடிந்தது. "குவிட்".

நேரம் பார்த்துப் போவது முக்கியம். கிடங்குகள் தனியாக வைத்த சர்வர்கள் அல்ல, பகலில் அங்கே ஆராய்ச்சி வேலை நடக்கும். அந்த ஊரின் அலுவலக நேரத்தைத் தவிர்ப்பது வழக்கம்.

படி 3: மின்னஞ்சல் மட்டும் இருப்பவர்களுக்கு

என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ள வேண்டிய வழி இதுதான். எஃப்டிபி வசதி கொஞ்சம் பேருக்குத்தான் இருந்தது. யூயூசிபி என்ற முறையில், தொலைபேசியில் அழைத்து அஞ்சலை மட்டும் கைமாற்றிக்கொண்ட கணினிகள் உலகெங்கும் பரவியிருந்தன. இந்தியாவில் 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டமும் ஆரம்பத்தில் அஞ்சலைத்தான் சுமந்தது. அதில் சேர்ந்த நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்டபிள்யூஆர்எல் கணினியில் எஃப்டிபிமெயில் என்றொரு சேவை ஓடியது. நீங்கள் கடிதம் எழுதினால், உங்களுக்குப் பதில் அது எஃப்டிபி செய்து, கோப்பைக் கடிதமாகத் திருப்பி அனுப்பும். கடிதத்தின் உடல் இப்படி இருக்கும், வரிக்கு ஒரு கட்டளை:

கனெக்ட் பிரெப்.ஏஐ.எம்ஐடி.ஈடியூ
சிஎச்டிர் பப்/க்னூ
பைனரி
யூயூஎன்கோடு
கெட் ஈமேக்ஸ்-18.57.டார்.இசட்
குவிட்

கடைசி குவிட்டை மறந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் கடிதத்தின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் உங்கள் பெயரையும் துறையையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அது குழம்பும்.

கோரிக்கை கிடைத்தது என்று முதலில் ஒரு பதில் வரும். கோப்பு வர சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம், வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

யூயூஎன்கோடு எதற்கு? அன்றைய அஞ்சல் வழிகளில் சாதாரண ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டும்தான் சேதமில்லாமல் போகும். 1980-ல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய இந்த நிரல் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்துகளாக மாற்றும். ஒரு வரிக்கு 45 பைட், அது 60 எழுத்தாகும். முன்னால் நீளத்தைச் சொல்லும் ஓர் எழுத்து, கடைசியில் வரிமுடிவு, ஆக 62. எனவே 10 லட்சம் பைட் கோப்பு ஏறக்குறைய 13.8 லட்சம் எழுத்தாக வீங்கும். கடிதத்துக்கு 64,000 எழுத்து என்று வெட்டினால் 22 கடிதங்கள். தொடர்கதை மாதிரிதான்: ஒரு வாரத்து இதழ் வராவிட்டால் மற்ற எல்லாம் வந்தும் பயனில்லை. அதனால் எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

சரி, இதை இப்போது உங்கள் கணினியில் செய்து பார்ப்போம்.

200 கிலோபைட் அளவில் ஒரு டார் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் டெஸ்ட்.டார் என்று இருக்கட்டும். "கம்ப்ரஸ் டெஸ்ட்.டார்" தட்டினால் டெஸ்ட்.டார்.இசட் ஆகிவிடும், இந்த இசட் பெரிய எழுத்து. அதற்கு முன்பும் பின்பும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். "சிகேசம்" கட்டளையால் சுருக்கிய கோப்பின் சோதனை எண்ணையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து யூயூஎன்கோடு. அதற்கு இரண்டு பெயர் தர வேண்டும்: முதலாவது இருக்கும் கோப்பு, இரண்டாவது மறுமுனையில் விரியும்போது வர வேண்டிய பெயர். இரண்டுக்கும் டெஸ்ட்.டார்.இசட் என்றே கொடுத்து, விளைவை லெட்டர் என்ற கோப்புக்குத் திருப்புங்கள். அதைத் திறந்து பாருங்கள். முதல் வரி பிகின் என்று தொடங்கும், கடைசி வரி எண்ட். நடுவில் ஏறக்குறைய எல்லா வரிகளும் பெரிய எம்-ல் தொடங்கும். 45 பைட் கொண்ட முழு வரிக்கு அதுதான் நீள எழுத்து. இதை மனத்தில் வையுங்கள்.

"ஸ்ப்ளிட் -எல் 1000 லெட்டர்" தட்டுங்கள். ஆயிரம் ஆயிரம் வரிகளாக எக்ஸ்ஏஏ, எக்ஸ்ஏபி என்ற பெயரில் துண்டுகள் விழும். ஒரு துண்டு 62,000 எழுத்து, எஃப்டிபிமெயில் அளவுக்குச் சரியாக வருகிறது. சுருங்கிய பிறகும் கோப்பு 200 கிலோபைட் இருந்தால் 5 துண்டு. அவற்றை உங்களுக்கே தனித்தனி அஞ்சலாக, வெறும் எழுத்தாக, இணைப்பாக அல்லாமல் அனுப்புங்கள். தலைப்பில் துண்டு எண்ணைப் போடுங்கள்.

வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் கோப்பாகச் சேமித்து, அஞ்சலின் தலைப்பகுதியையும் அடியில் ஒட்டியதையும் வெட்டி எறியுங்கள். "கேட்" கட்டளையால் வரிசை மாறாமல் ஒன்று சேருங்கள். நடுவில் எம்-ல் தொடங்காத வரி தென்பட்டால் அது பெரும்பாலும் வெட்டாமல் விட்ட தலைப்பு வரிதான். கடைசித் தரவு வரி மட்டும் குட்டையாக, வேறு எழுத்தில் தொடங்கலாம். பிறகு "யூயூடிகோடு". சோதனை எண்ணை மறுபடி எடுத்துத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

ஒத்துவரவில்லையா? இன்றைய அஞ்சல் நிரல்கள் நீள வரிகளை மடிக்கின்றன, வரிக் கடைசி வெற்றிடங்களை விழுங்குகின்றன. அன்றும் இதே தொல்லைதான். பழைய யூயூஎன்கோடு சுழியத்தை வெற்றிடமாக எழுதியது, வழியில் இருந்த கணினிகள் வரிக் கடைசி வெற்றிடத்தை வெட்டிவிட்டன. அதனால்தான் பிற்காலத்தில் வெற்றிடத்துக்குப் பதில் சாய்ந்த மேற்கோள் குறி (`) வந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளின் பிட்நெட் வலையமைப்பைக் கடந்து வரும் அஞ்சலில் சில குறிகளே வேறாக மாறிவிடும். அதற்காக எழுத்தும் எண்ணும் ஒன்றிரண்டு குறிகளும் மட்டும் பயன்படுத்தும் எக்ஸ்எக்ஸ்என்கோடு வந்தது.

படி 4: விரிப்பதும் கட்டுவதும்

உடனே விரிக்காதீர்கள். "இசட்கேட்" மூலம் டார் கட்டளைக்கு அனுப்பி, டிவிஎஃப் விருப்பத்தோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே அடைவுக்குள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி அதற்குள் எக்ஸ்விஎஃப் கொடுத்து விரியுங்கள். (1992 கடைசியில் ஜிஜிப் வந்தது. கம்ப்ரஸின் சுருக்கு முறைமேல் காப்புரிமைச் சிக்கல் இருந்ததால் க்னூ கோப்புகள் அதற்கு மாறின. ஜிஜிப் பழைய இசட் கோப்புகளையும் விரிக்கும்.)

செய்திக்குழுக்கள் (அன்றைய பொது விவாதக் குழுக்கள்) வழியாக வரும் மூலநிரல்கள் டார் அல்ல, ஷார். அது ஒரு ஷெல் நிரல். ஓட்டினால் தானே கோப்புகளை எழுதிக்கொள்ளும். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது அன்றும் ஆபத்துதான். முதலில் திறந்து முழுவதும் படியுங்கள், பிறகு "அன்ஷார்".

கட்டுவதை, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது: ரீட்மீ, இன்ஸ்டால் கோப்புகளைப் படித்து, கான்ஃபிகர் இருந்தால் ஓட்டி, மேக் கொடுங்கள். 1992-ல் பல பொதிகளில் கான்ஃபிகர் இருக்காது, கட்டும் முறையைச் சொல்லும் மேக்ஃபைலைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். காப்பியிங் என்ற உரிமக் கோப்பையும் திறந்து பாருங்கள். கிடங்கில் சும்மா கிடைப்பதெல்லாம் கட்டற்றதல்ல. சிம்டெல்லில் இருந்தவற்றில் நிறைய ஷேர்வேர், அதாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிடித்தால் பணம் கட்ட வேண்டியவை.

படி 5: அடுத்த பதிப்பு வந்தால்

மறுபடி 22 கடிதம் வாங்க வேண்டியதில்லை. லாரி வால் 1985-ல் எழுதி வெளியிட்ட பேட்ச் நிரல் இதற்குத்தான். இரண்டு பதிப்புகளுக்கு இடையே மாறிய வரிகள் மட்டும் உள்ள டிஃப் கோப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு கடிதத்தில் அடங்கிவிடும். மூல அடைவுக்குள் போய், "பேட்ச் -பி1" கட்டளைக்கு அந்தக் கோப்பை உள்ளீடாகக் கொடுங்கள். பொருந்தாமல் விட்டுப்போன துண்டுகள் ரெஜ் என்று முடியும் கோப்புகளில் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கையால் பார்த்துச் சேர்க்க வேண்டும். அன்றைய பேட்ச், மாற்றிய ஒவ்வொரு கோப்பின் பழைய பிரதியையும் ஆரிக் என்ற பின்னொட்டோடு வைத்துவிடும்; இன்றைய க்னூ பேட்ச்சிடம் -பி விருப்பம் கொடுத்துக் கேட்டால் வைக்கும் (இந்த பி சிறிய எழுத்து, பேக்கப்புக்கான பி). மேக் தடையில்லாமல் முடிந்த பிறகு அந்த ஆரிக் கோப்புகளை நீக்கிக்கொள்ளுங்கள்.