உதட்டுப் புண்ணோடு நாதஸ்வரம் வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நாதஸ்வரக் கலைஞர்களுக்கு ஓய்வே இராது. அந்த நேரம் பார்த்து உதட்டில் சின்னப் புண் வந்தால், வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு வாசிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். உதட்டில் வருவதெல்லாம் ஒரே புண் அல்ல. ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றை முற்றவிடும்.

உதட்டின் வெளி ஓரத்தில் முதலில் ஊறலும் சுருக்கென்ற எரிச்சலும் வந்து, பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பினால் அது ஹெர்ப்பிஸ் வைரஸின் வேலை. உடம்புச் சூடு என்று சொல்லி அதை விட்டுவிடக் கூடாது. அது பிறருக்குத் தொற்றும். அசைக்ளோவிர் களிம்பை ஊறல் தொடங்கிய உடனேயே, சுமார் நான்கு மணி நேர இடைவெளியில் நாளுக்கு 5 முறை, 5 நாள் தடவ வேண்டும். கொப்புளம் உடைந்தபின் தடவினால் பலன் குறைவு. உதட்டின் உட்புறம் வெளுத்த நடுவும் சிவந்த விளிம்புமாக வட்டமாக இருப்பது சாதாரண வாய்ப்புண். அது தொற்றாது. அதற்கென்று பார்மசியில் கிடைக்கும் ஸ்டீராய்டு பசையை ஹெர்ப்பிஸ் கொப்புளத்தின்மேல் தடவுவது பெரிய கேடு. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தி குறைந்து வைரஸ் பரவும். மூன்றாவது, கடைவாய் வெடிப்பு. நெடுநேரம் வாசிக்கும்போது வாயோரத்தில் எச்சில் தேங்கித் தோல் ஊறி, அங்கே பூஞ்சையோ பாக்டீரியாவோ வளரும். வைட்டமின் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் காத்திருந்தால் ஆறாது. கிளினிக்கில் காட்டி, அதற்குரிய களிம்பை வாங்குங்கள்.

அடுத்தது சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் உதடு படும் ஊதுமுனை. இதைப் பற்றி மருத்துவர் சொல்லமாட்டார். வாசிப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உதடு வறண்டால் வாசலினையோ லிப் பாமையோ அப்பிக்கொண்டு உடனே வாசிக்கிறார்கள். சீவாளி செய்யும் கொறுக்கைத் தட்டை என்னும் நாணல் நுண்ணிய துளைகள் உள்ளது. எண்ணெய்ப் பசை அதில் இறங்கினால் தண்ணீர் ஊறாது, சீவாளியின் இதழ்கள் சரியாக அதிரா, நாதம் அடைத்துக்கொள்ளும். உதடும் வழுக்குவதால் பிடிமானத்துக்காக இன்னும் இறுக்குவீர்கள். புண் மேலும் கிழியும். வாசலினை இரவில் தடவுங்கள். வாசிக்க அரை மணி நேரம் முன்பே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலம் வேண்டவே வேண்டாம். குளிர்ச்சியாகத் தோன்றினாலும் புண்பட்ட தோலை எரிச்சலூட்டும். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்: எச்சில் காயக் காய உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோகும். குளிர்சாதனம் ஓடும் கல்யாண மண்டபங்களில் இது சீக்கிரம் தெரியும்.

சீவாளியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் ஆறும் புண்ணை அதுவே அறுத்துக்கொண்டிருக்கும். புண் ஆறும்வரை, வழக்கமாக வாசிப்பதைவிடச் சற்று இளகிய சீவாளியைக் கெண்டையில் (சீவாளி செருகும் உலோகக் குழல்) மாட்டுங்கள். சுருதி கொஞ்சம் இறங்கப் பார்க்கும். அதை உதட்டால் ஈடுகட்டாமல், முன்கூட்டியே சோதித்து நன்றாகச் சேரும் சீவாளியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

வலி தெரியாமல் இருக்க மரத்துப்போகும் ஜெல் தடவி வாசிப்பது ஆபத்து. நாதஸ்வரத்தில் பாதி ஸ்வரங்களின் நுட்பம் உதட்டில்தான் இருக்கிறது. உதடு உணராவிட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. வலிக்கும் பக்கத்தை விட்டுச் சீவாளியை மறுபக்கம் ஒதுக்குவதும் உதவாது. ஓரத்தில் காற்று கசியும், தாடை இறுகும், புண் ஆறிய பிறகும் அந்தப் பழக்கம் விடாது. அதைவிட வாசிக்கும் உருப்படிகளை மாற்றுவது நல்லது. தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்தாயியில் நின்று நிரவும் ஆலாபனையை உடன் வாசிப்பவரிடம் கொடுத்துவிட்டு, மத்திய ஸ்தாயியில் அடங்கும் கீர்த்தனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குக் கேட்கும் மூச்சும் பிடியும் புண்பட்ட உதட்டுக்கு ஒத்துவராது.

பினாங்கில் வெள்ளி ரதம் காலையில் புறப்பட்டு நாள் முழுவதும் வெயிலில் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் போகும். பத்துமலைக்குப் போகும் ரதமோ கோலாலம்பூரிலிருந்து இரவில் கிளம்பும். இந்த வித்தியாசம் உதட்டுக்கு முக்கியம், ஏனென்றால் உடலில் உறங்கும் ஹெர்ப்பிஸ் வைரஸைக் கடும் வெயில் எழுப்பிவிடும். ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்கள் வெயில் காப்பு அளவு எஸ்.பி.எஃப் 30 உள்ள உதட்டுக் களிம்பை உதட்டின் வெளிப்புறத்தில் மட்டும் தடவட்டும். சீவாளி படும் உள்விளிம்பில் படக்கூடாது. குடை பிடிக்க ஆள் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கொப்புளம் இருக்கும்போது சீவாளியைப் பகிரவே கூடாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சரிபார்க்க ஆசிரியர் அவர்கள் குழலையே வாங்கி ஊதிக் காட்டுவது வழக்கம். பொருக்கு முழுதும் உதிரும்வரை அதை நிறுத்துங்கள். பெரும்பாலும் பத்து நாளில் ஆறிவிடும். அந்த நாட்களுக்கென்று ஒரு சீவாளியைத் தனியே ஒதுக்கி, ஆறியதும் எறிந்துவிடுங்கள். சீவாளியைக் கொதிநீரில் போட்டால் இதழ் கோணிப்போகும். அதை நம்பிச் சுத்தமாகிவிட்டதென்று எண்ண வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கொப்பளித்தால் இதமாக இருக்கும். சம்பாலும் கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) சில நாள் வேண்டாம். கச்சேரிக்கு இடையே வெற்றிலை போடுகிறவர்கள் அதை அறவே விடுங்கள்: சுண்ணாம்பு புண்ணை எரிக்கும், பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மூன்று வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணையும், வலியே இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ கட்டாயம் காட்டிவிட வேண்டும்.