மாடல் ரயிலுக்கு எந்த கப்ளர்? காட்பாடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்

மாடல் ரயில் வாங்கிய புதிதில் நம் கண் என்ஜினின் பெயிண்ட் மேலேயே இருக்கும். ஆனால் ரயிலை உற்றுப் பார்க்கப் பழகியவர்கள் முதலில் கவனிப்பது இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உள்ள இடத்தைத்தான். அங்கே பெட்டிகளை இணைக்கும் கப்ளர் பெரிய பிளாஸ்டிக் கொக்கியாகத் தொங்கினால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். 1:87 அளவான எச்ஓ ஸ்கேலை வைத்தே இங்கே சொல்கிறேன்.

1. எந்த ரயில் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு காட்பாடி ஜங்ஷனில் பிளாட்ஃபாரத்தின் கோடிக்குப் போய் நில்லுங்கள். கூட்ஸ் வண்டி வந்தால் மேலே திறந்திருக்கும் பாக்ஸ்என் வேகன்களைப் பாருங்கள். பக்கவாட்டில் இடியைத் தாங்கும் பஃபரே இருக்காது. இரண்டு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்த மாதிரி நடுவில் நக்கிள்கள் மட்டும் பிடித்திருக்கும். ரயில்வேக்காரர்கள் இதை சிபிசி (சென்டர் பஃபர் கப்ளர்) என்பார்கள். புதுவகைப் பயணிகள் பெட்டிகளான எல்எச்பியிலும் சிபிசிதான். பழைய வகைப் பயணிகள் பெட்டியான ஐசிஎஃப் என்றால் இரு பக்கமும் பஃபர், நடுவில் கொக்கியும் திருகும் கொண்ட ஸ்க்ரூ கப்ளிங். என்ஜின் எல்லாவற்றையும் இழுக்க வேண்டும் என்பதால் அதில் நக்கிளும் இருக்கும், பஃபரும் இருக்கும்.

வேலூர் கன்டோன்மென்ட் வழியாக ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டி வேறு சாதி. நடுவில் ஒரே பஃபர், அதோடு சேர்ந்த கொக்கி. அதற்கு நக்கிள் ஒட்டாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. அதைச் செய்ய ஆசைப்பட்டாலும் நக்கிள் பக்கம் போகாதீர்கள். அமெரிக்காவில் ஈலை ஜேனி நக்கிள் கப்ளருக்குக் காப்புரிமை வாங்கியதே 1873-இல்தான்.

2. நக்கிளில் எது?

பலரும் வாங்குவது கேடீ நிறுவனத்தின் உலோகக் கப்ளர்கள். 5-ஆம் எண் பழைய அடிப்படை வகை. 148-ஆம் எண்ணும் ஏறக்குறைய அதேதான், ஆனால் மெல்லிய கம்பி ஸ்பிரிங் சேர்ந்தே வருவதால் பூட்டுவது சுலபம். இரண்டிலும் தலை நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 158-ஆம் எண்ணில் தலை சிறியது, பார்க்க நிஜம் போலவே இருக்கும். தலை சிறியது என்பதால் உயரம் கொஞ்சம் மாறினாலும் பிடி நழுவும். என்னைக் கேட்டால் முதல் பத்துப் பெட்டிக்கு 148 போடுங்கள். உயரம் பார்க்கக் கை பழகட்டும், அப்புறம் 158. மூன்றும் ஒன்றோடொன்று இணையும், அதனால் பணம் வீணாகாது.

பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் நக்கிளையும் வைத்துக்கொள்ளலாம். அதன் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் என்றால் நாளடைவில் தளரும். நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் மாடல் தண்டவாள அமைப்பை (லேஅவுட்) வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். அவற்றை வண்டியின் வால்பக்கம் போட்டுவிட்டு, பாரம் அதிகம் விழும் என்ஜின் பக்கம் உலோகத்தை வையுங்கள்.

ஐரோப்பிய மாடல்களில் என்இஎம் 362 என்ற செருகு பொந்து இருக்கும். அதற்குக் கேடீயில் 17 முதல் 20 வரை நான்கு நீளங்கள். 17 குட்டை, 20 நீளம். திருகாணியே வேண்டாம்.

3. உயரம்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

எச்ஓ நக்கிள் கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் அளக்காதீர்கள், உயரம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்குங்கள். கேடீயின் 205-ஆம் எண் உலோகக் கேஜ் போதும். அதைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு பெட்டியையும் அதனிடம் தள்ளிப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த 9.9 அமெரிக்க வண்டியின் கணக்கு. அங்கே கப்ளர் உயரம் 34.5 அங்குலம். நம் அகலப் பாதையில் காலி வண்டிக்கு அதிகபட்சம் 1105 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 12.7. அப்படியானால் எது சரி? நான் 9.9 பக்கம்தான். எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் அகலமே நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டருக்குப் பொருந்தாது, 19-க்கு மேல் இருக்க வேண்டும். அங்கே சமாதானமாகிவிட்டு இங்கே பிடிவாதம் பிடித்தால், கடையில் வாங்கும் எந்த வண்டியோடும் உங்கள் வண்டி சேராது.

பெட்டி தாழ்ந்திருந்தால் போகிக்கும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) அடித்தளத்துக்கும் நடுவில் மெல்லிய வாஷர் போடுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால், தண்டுக்குமேல் தலை உயர்ந்த வகையும் தாழ்ந்த வகையும் கிடைக்கின்றன, அதில் ஒன்றை மாற்றுங்கள்.

4. பூட்டுதல்

கப்ளரின் தண்டைப் பிடித்திருக்கும் சின்னக் கூட்டைப் போகியில் அல்ல, வண்டியின் உடலில் திருகுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரள்வது குறையும். தலையை விரலால் ஒதுக்கிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே பிசிறு இருக்கும். அரத்தால் தேய்த்து, துளி கிராஃபைட் தூள் போடுங்கள். எண்ணெய் கூடாது, தூசியைச் சேர்த்துவிடும்.

5. வளைவில் ஓட்டிப் பாருங்கள்

23.54 மீட்டர் எல்எச்பி பெட்டி, மாடலில் சுமார் 27 சென்டிமீட்டர். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது, அதாவது 80 சென்டிமீட்டருக்குமேல் இருந்தால் நிம்மதி. அவ்வளவு இடம் இல்லை என்றால் நீளத் தண்டு கப்ளர் போடுங்கள். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கூடும், வேறு வழியில்லை. ஐசிஎஃப் பெட்டிகளில் பஃபர்கள் ஒன்றில் ஒன்று சிக்குகின்றனவா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ கப்ளிங்கை ஒவ்வொன்றாக இடுக்கியால் மாட்டப் பொறுமை இல்லாதவர்கள், நடுப் பெட்டிகளை நிலையான கம்பியால் இணைத்துவிட்டு இரு முனைகளில் மட்டும் நக்கிள் வைக்கலாம்.

கடைசியாக, கப்ளருக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பி. பிரேக் ஹோஸ் போலத் தெரிந்தாலும், காந்தத்தால் பெட்டியைக் கழற்றுவதற்கு உள்ளது அது. தண்டவாளம் பிரியும் பாயின்ட்டில் இடித்தால் கொஞ்சம் மேலே வளைத்துவிடுங்கள். காந்தமே வைக்கப் போவதில்லை என்றால் வெட்டிவிடலாம். அப்புறம் பெட்டியைக் கழற்ற, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மேலிருந்து இரண்டு நக்கிளுக்கும் நடுவில் விட்டு மெல்லத் திருப்பினால் போதும்.