ஃப்ளூ ஊசியை ஏன் மாற்றினார்கள்? அந்த ஒற்றை எழுத்தை நீங்களே தேடிப் பாருங்கள்

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஃப்ளூ ஊசி போடச் சொன்னார் டாக்டர். “போன வருஷம்தானே போட்டுக்கிட்டேன், மறுபடியும் எதுக்குப்பா?” என்று என்னிடம் கேட்டார். ஊசி தரும் எதிர்ப்பு சில மாதங்களில் குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். வைரஸே மாறிவிடுகிறது என்பது இன்னொன்று. அந்த மாற்றத்தைக் கணினியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் எட்டு ஆர்என்ஏ துண்டுகள். நான்காவது துண்டில் இருப்பது ஹீமாக்ளுட்டினின் புரதத்தின் குறிப்பு. வைரஸ் நம் செல்லில் ஒட்டுவது இந்தப் புரதத்தால்தான். கிருமியைப் பிடிக்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் முக்கியமாகக் குறிவைப்பதும் இதையே.

படி 1: மரபணு, புரத வரிசைகளை இலவசமாகத் தரும் அமெரிக்க அரசின் என்சிபிஐ (NCBI) தளத்தில் எச்1என்1 வைரஸின் இரண்டு ஹீமாக்ளுட்டினின் புரத வரிசைகளை இறக்குங்கள். ஒன்று ஏ/கலிபோர்னியா/07/2009, மற்றது ஏ/மிச்சிகன்/45/2015 (வைரஸ் கிடைத்த இடமும் ஆண்டும் பெயரிலேயே உண்டு). பெயரைச் சாய்கோடுகளோடு ஆங்கிலத்தில் தட்டுங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; வரிசையில் ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஒவ்வொன்றிலும் 566 அமினோ அமிலங்கள் இருக்க வேண்டும். குறைந்தால் அது அரைகுறை வரிசை, வேறு எடுங்கள்.

படி 2: மெகா (MEGA) என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்து, அதிலுள்ள மசில் (MUSCLE) முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துங்கள். சில நொடி வேலை.

படி 3: இங்கே நிதானம் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் ‘எஸ்162என்’ (S162N) என்று எழுதியிருப்பார்கள். 162ஆம் இடத்தில் எஸ் என்ற எழுத்து என் ஆக மாறியது என்று பொருள். 162ஆம் இடத்தில் தேடினால் கிடைக்காது. புதிதாக வருபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. புரதத்தின் தொடக்கத்தில் 17 அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞைப் பகுதி ஒன்று உண்டு. அது பின்னால் வெட்டுப்பட்டுப் போய்விடும் என்பதால், அதற்கு அப்புறம்தான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஆகவே 17ஐக் கூட்டி 179க்குப் போங்கள். கலிபோர்னியாவில் எஸ், அதாவது செரின். மிச்சிகனில் என், அதாவது அஸ்பராஜின்.

ஓர் எழுத்துதானே என்று விட்டுவிடாதீர்கள். அஸ்பராஜின், அடுத்து புரோலின் அல்லாத ஏதாவது ஒன்று, அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்று அமைந்தால், அங்கே ஒரு சர்க்கரைச் சங்கிலி கோத்துக்கொள்ள இடம் உண்டாகிறது. மிச்சிகனில் 179, 180, 181 மூன்றையும் படியுங்கள், அப்படித்தான் அமைந்திருக்கும். புரதத்தின் தலைப்பகுதியில் முக்காடு போட்டதுபோல் அந்தச் சங்கிலி நின்றால், பழைய எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், தடுப்பூசியில் கலிபோர்னியாவுக்குப் பதில் மிச்சிகனைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. இந்த ஒரு மாற்றம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சரி, இப்போது 101, 233 ஆகிய இடங்களுக்கும் போங்கள். எந்த எழுத்து எதுவாக மாறியிருக்கிறது என்று குறித்து வையுங்கள்.